ஃபவாத் மிர்சா

ஃபவாத் மிர்சா (பிறப்பு: மார்ச் 6, 1992) பெங்களூரைச் சேர்ந்த இந்தியக் குதிரையேற்ற வீரர். டிரஸ்ஸாஜ், கிராஸ் கன்ட்ரி, தடை தாண்டல் ஆகிய மூன்று பகுதிகள் கொண்ட ஈவென்டிங் போட்டியில் பங்கேற்பவர். 2018-ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் தனிநபர் பிரிவிலும் அணிப் பிரிவிலும் வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டின் குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர் தனிநபர் பதக்கம் பெற்றது 1982-க்குப் பின் அதுவே முதல்முறை. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் தடை தாண்டலின் இறுதிச் சுற்றுக்கு முன்னேறி 23-ஆம் இடம் பெற்றார். ஒலிம்பிக் ஈவென்டிங்கில் அந்தச் சுற்றுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் இவர்.

இவருடைய இரண்டு பெரிய போட்டிகளிலும் இறுதி இடத்தை முடிவு செய்தது கடைசிப் பகுதியான தடை தாண்டல்தான். ஜகார்த்தாவில் ஒரு கம்பு விழுந்ததால் தங்கம் வெள்ளியானது. டோக்கியோவில் இன்னொரு கம்பு விழாததால் இறுதிச் சுற்று கிடைத்தது.

பிறப்பு, கல்வி

ஃபவாத் மிர்சா பெங்களூரில் பிறந்தார். தந்தை ஹஸ்னைன் மிர்சா குதிரைகளுக்குச் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவர், தாமும் குதிரையேறியவர். தலைமுறைகளாகக் குதிரைகளோடு தொடர்புடைய குடும்பம் இது. ஃபவாத் அந்த மரபில் ஏழாம் தலைமுறையைச் சேர்ந்தவர் என்று குறிப்பிடப்படுகிறார். சிறுவயதிலேயே குதிரையேறத் தொடங்கிய அவர், பெங்களூருக்கு வெளியே உள்ள எம்பசி சர்வதேசக் குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சி பெற்றார்.

உயர்கல்விக்கு இங்கிலாந்து சென்றார். நார்த்தாம்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலும் வணிகமும் படித்தார். ஐரோப்பாவில் குதிரைப் போட்டிகள் எப்படி நடக்கின்றன, குதிரைகள் எப்படி வளர்க்கப்படுகின்றன என்பதை அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அந்த ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்தது.

ஈவென்டிங் போட்டியின் அமைப்பு

ஃபவாத் பெற்ற வெற்றிகளையும் இழப்புகளையும் புரிந்துகொள்ள இந்தப் போட்டியின் புள்ளிக் கணக்கை அறிந்துகொள்வது அவசியம். ஈவென்டிங் என்பது படைக்குதிரையின் திறனைச் சோதிக்கத் தோன்றிய போட்டி. அணிவகுப்பில் அடங்கி நிற்பது, களத்தில் அஞ்சாமல் ஓடுவது, களைத்த மறுநாளும் பணிக்கு எழுந்து நிற்பது ஆகிய மூன்றும் ஒரு படைக்குதிரைக்குத் தேவை. அந்த மூன்றே இன்றைய போட்டியின் மூன்று பகுதிகளாக உள்ளன. 1912-ல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது இது படை அதிகாரிகளுக்கான போட்டியாக இருந்தது. இன்று குதிரையேற்றம் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் பிரிவு வேறுபாடின்றி நேருக்கு நேர் மோதும் விளையாட்டு.

முதல் பகுதி டிரஸ்ஸாஜ். மணல் பரப்பிய செவ்வகக் களத்தில், வகுத்துத் தரப்பட்ட அசைவுகளைக் குதிரை ஒழுங்காகச் செய்ய வேண்டும். நடுவர்கள் தரும் மதிப்பெண் சதவீதத்தை 100-லிருந்து கழித்தால் வருவது அபராதப் புள்ளி. 72 சதவீதம் பெற்றவருக்கு 28 அபராதப் புள்ளிகள். அபராதம் குறைந்தவரே முன்னணியில் இருப்பார். டிரஸ்ஸாஜில் பெற்ற அபராதத்தைப் பின்னர் குறைக்க வழியில்லை. அடுத்த இரண்டு பகுதிகளில் அதைக் கூட்டாமல் காப்பாற்ற மட்டுமே முடியும்.

இரண்டாம் பகுதி கிராஸ் கன்ட்ரி. மேடு பள்ளம், நீர்நிலை, மரத்தடுப்பு ஆகியவை கொண்ட நீண்ட வெளிப்பாதை. இங்குள்ள தடைகள் அசையாதவை. குதிரை ஒரு தடை முன் மறுத்து நின்றால் 20 புள்ளிகள். குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நொடிக்கும் 0.4 புள்ளி. வீரர் கீழே விழுந்தால் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்.

மூன்றாம் பகுதி தடை தாண்டல். இதற்கு முன் குதிரையை மருத்துவர் முன்னிலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். நொண்டும் குதிரைக்கு அனுமதி இல்லை. களத்தில் ஒரு கம்பைத் தட்டிவிட்டால் 4 புள்ளிகள். முதல்முறை மறுத்தால் 4 புள்ளிகள். நேரம் கடந்தால் நொடிக்கு 0.4 புள்ளி. தரவரிசையில் பின்தங்கியவர் முதலிலும் முன்னணியில் இருப்பவர் கடைசியிலும் களமிறங்குவர். எனவே முன்னணி வீரர் தனக்கு எத்தனை தவறுகள் வரை இடமுண்டு என்பதைத் தெரிந்துகொண்டேதான் களத்துக்குள் நுழைகிறார்.

தடை தாண்டலின் நுட்பம்

பார்வையாளருக்குக் குதிரை குதிப்பது மட்டுமே கண்ணில் படும். வீரருடைய வேலையில் பெரும்பகுதி இரண்டு தடைகளுக்கு நடுவிலேயே நடக்கிறது.

குதிரை பாய்ச்சலில் ஓடும்போது ஓர் அடிக்குச் சுமார் 3.6 மீட்டர் கடக்கும். தடைக்கு முன் எழும்ப ஏறத்தாழ 2 மீட்டரும், தாண்டியபின் இறங்க 2 மீட்டரும் தேவை. இந்தக் கணக்குப்படி இரண்டு தடைகளுக்கு இடையே சுமார் 18.4 மீட்டர் இருந்தால் நான்கு பாய்ச்சலடிகள் சரியாகப் பொருந்தும். களம் அமைப்பவர் வேண்டுமென்றே அந்தத் தூரத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ வைப்பார். அப்போது அடியை நீட்டுவதா, சுருக்குவதா என்பதை வீரர் முதல் தடையிலிருந்து இறங்கும் கணத்திலேயே முடிவு செய்ய வேண்டும். முடிவு தவறினால் குதிரை தடைக்கு மிக அருகிலிருந்தோ மிகத் தொலைவிலிருந்தோ எழும்பும். குளம்பு கம்பில் படும்.

இதற்காகவே போட்டி தொடங்கும் முன் வீரர்கள் குதிரையின்றிக் களத்தில் நடந்து, காலடியால் தூரத்தை அளக்கின்றனர். ஒரு பாய்ச்சலடிக்கு மனிதக் காலடி நான்கு என்பது வழக்கமான கணக்கு.

கம்பு ஆழமற்ற தாங்கியின் மேல் வெறுமனே வைக்கப்பட்டிருக்கும். பலமாக இடித்தும் சில சமயம் கம்பு ஆடிவிட்டு அதே இடத்தில் நிற்கும். இலேசாக உரசியதுமே சில சமயம் உருண்டு விழும். விழுந்தால் மட்டுமே அபராதம்.

குதிரையின் பார்வையும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். அதன் கண்கள் தலையின் இருபக்கமும் அமைந்தவை. பக்கவாட்டில் அகலமாகப் பார்க்கும் குதிரைக்கு நெற்றிக்கு நேர் முன்னே சிறிய பகுதி தெரியாது. எழும்பும் கடைசிக் கணத்தில் தடையின் பெரும்பகுதி அதன் பார்வையிலிருந்து மறைகிறது. சிவப்பையும் பச்சையையும் அது மனிதரைப் போல வேறுபடுத்திக் காண்பதில்லை. ஆகவே தடையைச் சில அடிகளுக்கு முன்பே குதிரை நன்றாகப் பார்க்கும்படி நேராகக் கொண்டுவருவதும், அதன் பின் கடிவாளத்தை இழுத்துக் குழப்பாமல் இருப்பதும் வீரரின் கடமை.

ஒலிம்பிக்கின் தனித் தடை தாண்டல் போட்டியில் தடைகள் 1.60 மீட்டர் அளவுக்கு உயர்கின்றன. ஈவென்டிங்கில் உயரம் அதைவிடக் குறைவு. ஆனால் இங்கே தாண்டும் குதிரை முதல்நாள் கிராஸ் கன்ட்ரியில் சில கிலோமீட்டர்கள் பாய்ந்து ஓடிய குதிரை. அசையாத மரத்தடுப்புகளை வேகத்தோடு தாவிப் பழகிய அது, மறுநாள் தொட்டாலே விழும் கம்புகளை அளந்து தாண்ட வேண்டும். களைப்பில் பின்கால்கள் ஒரு விரற்கடை தாழ்ந்தாலும் நான்கு புள்ளிகள் போய்விடும்.

இந்தியக் குதிரையேற்றத்தின் பின்னணி

தமிழ்நாட்டில் குதிரைவீரன் என்றதும் நினைவுக்கு வருபவர் செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜா. தேஜ் சிங் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையுடன் போரிட்டு இறந்தார். டெல்லியில் எவருக்கும் அடங்காத குதிரையை அவர் இளம்வயதில் அடக்கிய கதையும் அவருடைய குதிரை நீலவேணியின் பெயரும் செஞ்சி, தேசூர், வந்தவாசி வட்டாரங்களில் இன்றும் அறியப்பட்டவை. அந்தக் கதையில் குதிரையேற்றம் அரசனுக்கும் படைக்கும் உரியது. விடுதலைக்குப் பிறகும் நீண்ட காலம் இந்தியாவில் குதிரையேற்ற விளையாட்டு பெரும்பாலும் ராணுவத்தின் கையிலேயே இருந்தது. ஜெய்ப்பூரில் உள்ள 61-ஆவது குதிரைப்படை, மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் பிரிவு போன்றவையே குதிரைகளையும் வீரர்களையும் உருவாக்கின.

1982-ல் புதுடெல்லி ஆசிய விளையாட்டில் குதிரையேற்றம் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டது. ஈவென்டிங் தனிநபர் பிரிவின் மூன்று பதக்கங்களையும் இந்தியர்களே பெற்றனர். ரகுபீர் சிங் தங்கமும், குலாம் முகமது கான் வெள்ளியும், பிரகலாத் சிங் வெண்கலமும் வென்றனர். அணிப் பிரிவின் தங்கமும் இந்தியாவுக்கே கிடைத்தது. அதன்பின் அணிப் பிரிவில் சில பதக்கங்கள் வந்தன. தனிநபர் பதக்கம் வரவில்லை.

ஒலிம்பிக்கில் இந்தியா 1980-ல் மாஸ்கோவுக்குக் குதிரையேற்ற அணியை அனுப்பியது. 1996-ல் அட்லாண்டாவில் இந்திரஜித் லம்பாவும் 2000-ல் சிட்னியில் இம்தியாஸ் அனீஸும் ஈவென்டிங்கில் பங்கேற்றனர். அதற்குப் பின் 20 ஆண்டுகள் எந்த இந்திய வீரரும் ஒலிம்பிக் குதிரையேற்றக் களத்தில் இறங்கவில்லை.

இந்த இடைவெளிக்குக் காரணம் திறமைக் குறைவு மட்டுமன்று. உயர்தரப் போட்டிகள் பெரும்பாலும் ஐரோப்பாவில் நடக்கின்றன. ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகளை அங்கேதான் சேர்க்க முடியும். இந்தியாவிலிருந்து குதிரைகளை ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்வதற்கு நோய்த்தடுப்பு விதிகள் பெருந்தடையாக இருந்தன. ஒலிம்பிக் கனவுள்ள இந்திய வீரர் ஐரோப்பாவிலேயே தங்க வேண்டும், அங்கேயே குதிரை வாங்க வேண்டும், அங்கேயே லாயமும் பயிற்சியாளரும் தேட வேண்டும். இது தனிமனிதரின் வருமானத்துக்கு அப்பாற்பட்ட செலவு.

ஐரோப்பியப் பயிற்சி

ஃபவாத் மிர்சா 2014-ல் தென்கொரியாவின் இன்சியான் ஆசிய விளையாட்டில் பங்கேற்றார். பதக்கம் கிடைக்கவில்லை. அதன்பின் அவருடைய பயிற்சிக்களம் ஜெர்மனிக்கு மாறியது.

பெங்களூரைச் சேர்ந்த எம்பசி குழுமத்தின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. அந்த ஆதரவில் செய்னர் மெடிகாட், டஜாரா 4, ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் ஆகிய குதிரைகள் அவருடைய போட்டிகளுக்குக் கிடைத்தன. ஒரே குதிரையை நம்பியிருக்கும் வீரர் அந்தக் குதிரைக்குக் காயம் ஏற்பட்டால் ஓர் ஆண்டையே இழக்க நேரிடும். பல குதிரைகள் இருந்ததன் பயன் சில ஆண்டுகளுக்குப் பிறகு தெரியவந்தது.

இவற்றுள் செய்னர் மெடிகாட்டை முன்பு ஜெர்மனியின் புகழ்பெற்ற வீராங்கனை பெட்டினா ஹாய் ஓட்டி வந்தார். ஃபவாத் அவரிடமும் பயிற்சி பெற்றார். பின்னர் ஒலிம்பிக் பதக்கம் வென்றவரும் 2014 உலகச் சாம்பியனுமான சாண்ட்ரா ஆஃபார்த்திடம் பயிற்சி பெற்றார்.

அனுபவம் மிக்க குதிரை கிடைப்பது எளிய வெற்றிக்கு உறுதி ஆகாது. ஒரு வீரரின் உடல் எடை, அமரும் விதம், கால் அழுத்தம், கைப்பிடி ஆகியவற்றுக்குப் பழகிய குதிரை இன்னொருவரின் சைகையைப் புரிந்துகொள்ள மாதங்கள் ஆகும். பழைய வீரர் அடியைச் சுருக்கக் கொடுத்த அழுத்தத்தைப் புதிய வீரர் வேறு பொருளில் கொடுக்கக்கூடும். நாள்தோறும் ஏறி, நடத்தி, ஓட்டித்தான் இந்த மொழி இருவருக்கும் பொதுவாகிறது.

ஜகார்த்தா 2018

2018 ஆகஸ்டில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஃபவாத் செய்னர் மெடிகாட்டுடன் களமிறங்கினார். டிரஸ்ஸாஜில் அவர் பெற்ற அபராதம் 22.40. அனைவரிலும் குறைந்தது அதுவே. ஜப்பானின் யோஷியாகி ஓய்வா 22.70 புள்ளிகளுடன் அடுத்த நிலையில் இருந்தார். இருவருக்கும் இடைவெளி 0.30. கிராஸ் கன்ட்ரியில் ஒரு நொடி தாமதத்துக்குரிய அபராதத்தைவிட இது குறைவு.

கிராஸ் கன்ட்ரியில் ஃபவாத் எந்தத் தவறும் செய்யவில்லை. நேர அபராதமும் இல்லை. 22.40 அப்படியே நின்றது. ஓய்வாவும் புள்ளி இழக்கவில்லை. மூன்றாம் பகுதிக்கு ஃபவாத் முதலிடத்தில் சென்றார்.

ஆகஸ்ட் 26 அன்று நடந்த தடை தாண்டலில் ஓய்வா தவறில்லாமல் முடித்தார். அவருடைய மொத்தம் 22.70-இல் நின்றது. ஃபவாத்துக்கு ஒரு கம்பின் அளவுக்குக்கூட இடமில்லை. அவருடைய சுற்றில் 4 அபராதப் புள்ளிகள் சேர்ந்தன. மொத்தம் 26.40. தங்கம் ஓய்வாவுக்கும் வெள்ளி ஃபவாத்துக்கும் கிடைத்தன. சீனாவின் ஹுவா தியான் 27.10 புள்ளிகளுடன் வெண்கலம் பெற்றார்.

இந்த மூன்று எண்களையும் சேர்த்துப் பார்த்தால் போட்டியின் தன்மை விளங்கும். ஒரு கம்பு குறைந்திருந்தால் ஃபவாத் தங்கம் வென்றிருப்பார். இன்னும் இரண்டு நொடிகள் தாமதித்திருந்தால் வெண்கலத்துக்கு இறங்கியிருப்பார்.

ராகேஷ் குமார், ஆஷிஷ் மாலிக், ஜிதேந்தர் சிங் ஆகியோருடன் இணைந்து ஃபவாத் அணிப் பிரிவிலும் வெள்ளி வென்றார். இந்திய அணியின் மொத்தம் 121.30 புள்ளிகள். ஜப்பான் தங்கமும் தாய்லாந்து வெண்கலமும் பெற்றன.

ஒலிம்பிக் தகுதி

ஜகார்த்தாவுக்குப் பின் செய்னர் மெடிகாட் காயத்தால் நீண்ட காலம் ஓய்வில் இருந்தது. ஒலிம்பிக் தகுதிக்கான புள்ளிகளைச் சேர்க்க வேண்டிய 2019-ஆம் ஆண்டில் ஃபவாத்தின் முதன்மைக் குதிரை களத்தில் இல்லை. ஃபெர்ன்ஹில் ஃபேஸ்டைம், டச்சிங்வுட் ஆகிய குதிரைகளுடன் ஐரோப்பியப் போட்டிகளில் பங்கேற்று அவர் புள்ளிகளைச் சேர்த்தார். தென்கிழக்கு ஆசியா, ஓசியானியா நாடுகள் அடங்கிய தகுதிப் பிரிவில் முதலிடம் பெற்று டோக்கியோவுக்கான இடத்தை உறுதி செய்தார்.

ஒலிம்பிக் இடம் கிடைத்தால் மட்டும் போதாது. போட்டியில் இறங்கப்போகும் வீரரும் குதிரையும் இணையாகக் குறைந்தபட்சத் தகுதி மதிப்பை எட்டியிருக்க வேண்டும். கொரோனா தொற்றால் ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனது. அந்த இடைவெளியில் செய்னர் மெடிகாட் மீண்டும் களத்துக்குத் திரும்பியது. 2021-ல் செய்னர் மெடிகாட், டஜாரா 4 ஆகிய இரு குதிரைகளும் தகுதி பெற்றன. முதலில் டஜாரா 4-இன் பெயர் அறிவிக்கப்பட்டது. போட்டிக்குச் சில நாட்களுக்கு முன் செய்னர் மெடிகாட்டுடன் இறங்க ஃபவாத் முடிவு செய்தார்.

ஐரோப்பாவில் இருந்த குதிரைகள் டோக்கியோவுக்குப் பறக்கும் முன் ஜெர்மனியின் ஆஹன் நகரில் தனிமைப்படுத்தப்பட்டன. ஒலிம்பிக் வரலாற்றில் குதிரைக்கான நோய்த்தடுப்பு விதி போட்டி நடக்கும் கண்டத்தையே மாற்றியதுண்டு. 1956-ல் ஒலிம்பிக் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நடந்தது. வெளிநாட்டுக் குதிரைகளை அனுமதிக்க ஆஸ்திரேலியச் சட்டம் இடம் தராததால் குதிரையேற்றப் போட்டிகள் மட்டும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் நடத்தப்பட்டன.

டோக்கியோ ஒலிம்பிக்

டோக்கியோ ஈவென்டிங்கில் அறுபதுக்கும் மேற்பட்ட வீரர்கள் பங்கேற்றனர். 2021 ஜூலை 30, 31 தேதிகளில் நடந்த டிரஸ்ஸாஜில் ஃபவாத் 28.00 அபராதப் புள்ளிகள் பெற்று 9-ஆம் இடத்தில் இருந்தார்.

ஆகஸ்ட் 1 அன்று கிராஸ் கன்ட்ரி. கடும் வெயிலைத் தவிர்க்கக் காலையிலேயே போட்டி தொடங்கியது. ஃபவாத்தின் குதிரை எந்தத் தடையிலும் மறுக்கவில்லை. குறித்த நேரத்தைவிட 28 நொடிகள் கூடுதலானதால் 11.20 அபராதப் புள்ளிகள் சேர்ந்தன. மொத்தம் 39.20. அவர் 22-ஆம் இடத்துக்கு இறங்கினார்.

நேரத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டுவதா, குதிரையின் நலன் கருதி நிதானிப்பதா என்பது கிராஸ் கன்ட்ரியில் ஒவ்வொரு வீரரும் எதிர்கொள்ளும் கேள்வி. அதே நாளில் சுவிட்சர்லாந்து வீரர் ராபின் கோடெலின் குதிரை ஜெட் செட் தசைநார் அறுந்து நொண்டியது. சிகிச்சைக்கு வழியில்லாத காயம் என்பதால் அது கருணைக்கொலை செய்யப்பட்டது. இந்த விளையாட்டில் அபராதப் புள்ளிகளைவிடப் பெரிய இழப்பும் உண்டு என்பதை அந்த நிகழ்வு உணர்த்தியது.

ஆகஸ்ட் 2 மாலை தடை தாண்டல் நடந்தது. அதில் இரண்டு சுற்றுகள். முதல் சுற்றின் முடிவில் முதல் 25 இடங்களில் உள்ளவர்களே தனிநபர் இறுதிச் சுற்றுக்குச் செல்ல முடியும். ஃபவாத்தின் சுற்றில் 8 புள்ளிகள், அதாவது இரண்டு கம்புகள் போயின. மொத்தம் 47.20. அவருக்குக் கிடைத்தது 25-ஆம் இடம். தகுதிக்கான கடைசி இடமும் அதுதான்.

இறுதிச் சுற்றில் 12.40 அபராதப் புள்ளிகள் சேர்ந்தன. மொத்தம் 59.60 புள்ளிகளுடன் ஃபவாத் 23-ஆம் இடத்தில் முடித்தார். ஜெர்மனியின் யூலியா கிராயெவ்ஸ்கி தங்கம் வென்றார். ஒலிம்பிக் ஈவென்டிங்கில் தனிநபர் தங்கம் வென்ற முதல் பெண் அவர். வெண்கலம் வென்ற ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ஹாய்க்கு அப்போது வயது 62. குதிரையேற்றத்தில் ஒரு வீரரின் காலம் எவ்வளவு நீளமானது என்பதற்கு அது சான்று.

டோக்கியோவில் ஃபவாத் சேர்த்த அபராதத்தைப் பகுதிவாரியாகப் பார்த்தால் டிரஸ்ஸாஜில் 28.00, கிராஸ் கன்ட்ரியில் 11.20, தடை தாண்டலின் இரு சுற்றுகளில் 20.40. முதல் பகுதியில் உலகின் முதல் பத்து வீரர்களுக்குள் இருந்தவர் அடுத்த இரு பகுதிகளில் பின்தங்கினார். இந்திய வீரர்கள் இனி எதில் அதிகம் உழைக்க வேண்டும் என்பதை இந்த எண்களே சுட்டுகின்றன.

குதிரையும் வீரரும்

பதக்கப் பட்டியலில் வீரரின் பெயருடன் குதிரையின் பெயரும் சேர்ந்தே இடம்பெறுவது குதிரையேற்றத்தின் வழக்கம். 1956-ல் ஸ்டாக்ஹோமில் ஜெர்மனியின் ஹன்ஸ் குந்தர் விங்க்லர் தடை தாண்டலின் முதல் சுற்றில் தொடையிடுக்குத் தசை கிழிந்து வலியால் துடித்தார். இரண்டாம் சுற்றில் அவரால் சரியாக வழிநடத்த முடியாத நிலையிலும் ஹல்லா என்ற பெண் குதிரை ஒரு கம்பையும் தட்டாமல் அவரைச் சுமந்து முடித்தது. தனிநபர், அணி இரண்டிலும் தங்கம் கிடைத்தது. தடை தாண்டல் வரலாற்றில் அதிகம் சொல்லப்படும் நிகழ்வு இது.

ஃபவாத்தின் வாழ்க்கையில் அந்த இடம் செய்னர் மெடிகாட்டுக்கு உரியது. காயம்பட்ட குதிரையை மீட்டுக் கொண்டுவருவது மனித விளையாட்டு வீரரின் சிகிச்சையைவிடக் கடினம். வலி எங்கே, எவ்வளவு என்று குதிரையால் சொல்ல முடியாது. நடையில் தெரியும் சிறு மாற்றம், காலில் கைவைத்தால் தெரியும் சூடு, தீவனத்தில் காட்டும் விருப்பமின்மை ஆகியவற்றைக் கொண்டே அறிய வேண்டும். முதலில் கையில் பிடித்து நடத்தி, பின் ஏறி நடத்தி, மெல்ல ஓட்டி, கடைசியில்தான் தாண்டப் பழக்குவர். இந்தப் பணியில் கால்நடை மருத்துவர், லாடம் அடிப்பவர், லாயப் பணியாளர் ஆகியோருக்கும் சமபங்கு உண்டு. ஜகார்த்தாவில் வெள்ளி வென்ற குதிரையே காயத்திலிருந்து மீண்டு டோக்கியோவில் இறுதிச் சுற்றுவரை சென்றது அந்தக் கூட்டு உழைப்பின் விளைவு.

பங்களிப்பு

ஃபவாத் மிர்சாவின் வெற்றி இந்தியக் குதிரையேற்றத்தில் ஒரு பாதையைத் தெளிவாக்கியது. ராணுவத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர் தனியார் ஆதரவுடன் ஐரோப்பாவில் தங்கிப் பயின்றால் உலக அளவில் போட்டியிட முடியும் என்பதை அவர் நிறுவினார். 2023-ல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் அனுஷ் அகர்வாலா, ஹிருதய் சேடா, திவ்யகிருதி சிங், சுதீப்தி ஹஜேலா ஆகிய நால்வர் டிரஸ்ஸாஜ் அணிப் பிரிவில் தங்கம் வென்றனர். அவர்களும் ஐரோப்பாவில் பயிற்சி பெற்றவர்களே. அனுஷ் அகர்வாலா தனிநபர் வெண்கலமும் பெற்று, 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் டிரஸ்ஸாஜில் பங்கேற்றார்.

இந்தப் பாதையின் எல்லையும் தெளிவானது. ஆதரவாளர் கிடைக்காத வீரருக்கு அது திறப்பதில்லை. குதிரை இந்தியாவில் வளர்ந்து, இந்தியாவில் பயின்று, இங்கிருந்து உலகப் போட்டிக்குச் செல்லும் நிலை உருவானால்தான் இந்த விளையாட்டு பரவலாகும்.

விருது

ஃபவாத் மிர்சாவுக்கு 2019-ல் இந்திய அரசின் அர்ஜுனா விருது வழங்கப்பட்டது.